போத்திக்கு ஒரு சீட்டு

தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக
கிரேன் ஓட்டுகிறான் வர்லாம்.
கருங்கடல் பக்கம். ஜார்ஜியா.
கீழிருந்து வயர்லெஸ்ஸில் கேட்பார்கள்: இறக்கலாமா?
பொத்தானை இரண்டு முறை அமுக்குவான். டிக், டிக்.
ஆம் என்று பொருள்.
ஒரு டிக் என்றால் இல்லை.
பதினோரு வருடமாக அந்தத் துறைமுகம்
அவனை இந்த இரண்டு சொல்லில்தான் அறியும்.

அவனுக்குத் திக்கும்.

ஊரின் பெயர் போத்தி.
பிறந்தது அங்கே, வீடு அங்கே.
அந்த முதலெழுத்தில்தான் உதடு ஒட்டிக்கொள்ளும்.
திபிலீசி ரயில் நிலையத்தில் சீட்டு வாங்க நின்றால்
செனாக்கி என்பான்.
செனாக்கியில் அவனுக்கு யாரும் இல்லை.
அந்தப் பெயர் வழுக்கிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.
அங்கே இறங்கி மிச்ச தூரம் மினிபஸ்.
மினிபஸ்ஸுக்குப் போத்தி கடைசி நிறுத்தம்;
நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

காற்று அதிகம் என்று வேலையை நிறுத்திய ஒரு பிப்ரவரி இரவு
உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து
கைபேசியில் இதையெல்லாம் எழுதினான்.
விரல் திக்கவில்லை.
பெயர் போடவில்லை. யாருக்கும் அறிவுரை இல்லை.
"வாய் விடுகிற ஊருக்குத்தான் நான் பயணம் போகிறேன்"
என்று ஒரு வரி.
"ஆசைப்பட்ட ரொட்டியை நான் தின்றதே இல்லை"
என்று இன்னொன்று.
இணையத்தில் போட்டான். உடனே வெட்கம் வந்தது.
அழிக்கும் வழி தெரியாமல் தூங்கிப்போனான்.

ஒன்பது நாள் எதுவும் இல்லை.

பத்தாம் நாள், தெலாவியிலிருந்து ஒரு தாய்:
என் மகள் கெத்தெவான். புதுப் பள்ளியில்
தன் பெயர் நீனோ என்று சொல்லிவிட்டாள்.
மூன்று வருடமாக அங்கே அவள் நீனோ.
பொய் பழகுகிறாள் என்று நினைத்து
அடித்தேன்.
இன்றுதான் இதைப் படித்தேன்.

அப்புறம் ஒரு பாதிரியார்,
"பாடினால் வருகிறது" என்று மட்டும்.

திக்கியவன் சொல் திக்கெட்டும் பரவியது
என்று எழுத எனக்கும் ஆசைதான்.
மொத்தம் முந்நூறு பேர் படித்திருப்பார்கள்.
ஒரு சுமாரான கல்யாணக் கூட்டம்.

அந்த முந்நூறில் ஒருத்தி சியாலா.
ரயில் நிலையத்தில் நான்காம் சன்னல்.
யார் திணறினாலும் மீதிச் சொல்லை
அவளே முடித்துக் கொடுத்துவிடுவாள்.
உதவி என்றே நினைத்திருந்தாள், இருபது வருடம்.
படித்த மறுநாள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
அது பழகவே ஒரு மாதம் ஆனது.

மே மாதம். வரிசையில் வர்லாம்.
எத்தனையாவது சன்னல் என்று பார்க்கவில்லை.
செனாக்கியை நாக்கில் தயாராக வைத்திருந்தான்.
உள்ளே இருந்தவள் நிமிர்ந்தாள்.
மடியில் கை. அவசரமே இல்லாத முகம்.
ஏனோ
போ, என்றான்.
போ. போ.
போ.

(என் தமிழில் இது கிளம்பச் சொல்வதுபோல் இருக்கிறது.
அவன் மொழியில் உதட்டில் மாட்டிய வெறும் ஓசை.)

பின்னால் ஒருவர் இருமினார்.
ஒரு குழந்தை சிரித்தது, யாரோ அதன் கையை இழுத்தார்கள்.
முப்பது நொடி இருக்கும்.
சியாலா கண்ணை எடுக்கவில்லை.

போத்தி.

சன்னலோர இருக்கையா? என்று கேட்டாள்.
பலகையில் விரலால் இரண்டு முறை தட்டினான்.

எழுதியவன் இவன் என்று அவளுக்குத் தெரியாது.
படித்தவள் இவள் என்று அவனுக்கும்.

திக்கல் எங்கும் போய்விடவில்லை.
சொல்ல வருகிற ரொட்டியைத்தான் இன்றும் வாங்குகிறான்.

ஆனால் அன்று சாயங்காலம்
செனாக்கி வந்து வண்டி நின்றபோது
பழக்கத்தில் எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டான்.
கதவு வரை போனான்.
இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு நின்று,
திரும்பி வந்து,
சன்னலோரம் உட்கார்ந்தான்.