சாய்மானம்

பேருந்தை விட்டு இறங்கியதும் மூச்சு வாங்கியது.
சந்தோஷம்தான் நெஞ்சை அடைக்கிறது என்று நினைத்தேன்.
"உயரம்டா" என்றாள் ஒதிலியா, என் பையைப் பிடுங்கியபடி.
"மெக்ஸிகோ நகரம் கடலுக்கு மேலே இரண்டாயிரத்து இருநூறு மீட்டர்.
முதல் நாள் ஓடாதே."

ஓடினேன்.

மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம்.
"வெட்டுக்கிளியில் ஏறு, பீரங்கியைத் தாண்டு,
கோயிலில் இறங்கி வண்டி மாறு"
என்று சொல்லி அனுப்பியிருந்தாள் என் பெரியப்பா மகள்.
ஏறினேன். பீரங்கியும் போனது.
அதற்குள் ஒருவன் டார்ச் விற்க வந்தான்,
பத்துப் பெசோ, பத்தே பெசோ,
என் கண்ணிலேயே அடித்துக் காட்டினான்.
ஒளி விலகியபோது கோயில் போய்விட்டது.
இறங்கிய இடத்தின் படம் வாத்து.
வாத்தும் நல்ல ஊர்தான்.
அங்கே ஒரு தட்டு பன்றி வறுவல் தின்றுவிட்டு
டார்ச்சோடு திரும்பினேன்.

கோயில் நிஜமாகவே இருந்தது!
சுரங்கம் தோண்டும்போது கிடைத்ததாம்,
நிலையத்தின் நடுவில், வட்டமாக, வெயில் வாங்கிக்கொண்டு.
பழங்காலக் காற்றுக் கடவுளின் வீட்டை ஒட்டி
செருப்பு தேயத் தேயப் போகிறது ஜனம்.
நான் மட்டும் வழியில் நின்று
மூன்று பேரிடம் திட்டு வாங்கினேன்.

இரவு, ஐந்தாம் மாடியில், கண் சொருகும் நேரம்
நீளமாக ஓர் ஊதல்.
"கப்பல்!" என்று ஜன்னலுக்குப் பாய்ந்தேன்.
"சக்கரவள்ளிக்கிழங்கு வண்டி" என்றாள் ஒதிலியா,
போர்வைக்குள்ளிருந்தே.
கீழே தெருவில் ஒரு தகரப் புகைபோக்கி
ஆவி விட்டுக்கொண்டு அசைந்து போனது.
கப்பல் இல்லையென்று எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை மல்யுத்தம். முகமூடி போட்ட ஒருவர்
கயிற்றைத் தாண்டி வந்து என் சோளப்பொரியில் விழுந்தார்.
"மன்னிக்கணும் தம்பி" என்றார், முகமூடிக்குள்ளிருந்து, மிக மரியாதையாக.
பக்கத்தில் தோனியா தொமாசா என்றொரு அம்மாள்
ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே
அவருடைய ஏழு தலைமுறையையும் வைதுகொண்டிருந்தாள்.
ஒரு கண்ணிகூடத் தவறவில்லை.

ஆனால் பேராலயத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர்.
கல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது,
ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் சோம்பலாக.
எத்தனை சாய்ந்தது என்று காட்ட
உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது.
வெளிநாட்டார் சிலர் தூண் பிடித்துப் பிடித்து நடந்தார்கள்.
என் கால்களோ தாமாக அகன்று நின்றன,
இடது முழங்கால் லேசாக மடங்கியது:
அப்பாவின் படகில், அலை ஏறும்போது நிற்கிற நிலை.
எனக்குத் தெரிந்த தரை இது!
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
சொல்ல ஆளில்லாமல்
பையிலிருந்த ஆரஞ்சைத் தரையில் வைத்தேன்.
யோசித்தது. புறப்பட்டது.
பெஞ்சுகளைக் கடந்து, ஜெபித்துக்கொண்டிருந்தவரைக் கடந்து,
காவலாளியின் பூட்ஸில் போய் முட்டியது.
அவர் என்னைப் பார்த்தார். ஆரஞ்சைப் பார்த்தார்.
"இன்றைக்கு இது மூன்றாவது" என்றார்.

கடைசி மாலை கோபுரத்துக்கு ஒதிலியாவும் வந்தாள்,
மருந்துக்கடையின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.
எட்டு வருஷமாக அதன் உச்சிக் கடிகாரத்தில்
மணி மட்டும் பார்த்திருக்கிறாள்.
நாற்பத்து நான்காம் மாடி.
மலைகள்வரை விளக்குகள்,
இரவு மீன்பிடிக்கப் போன படகுகள் எல்லாம்
ஒரே நாளில் கரை திரும்புவதுபோல.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவள்
வாய் திறந்து மூச்சு வாங்கினாள்.
"உயரம்" என்றேன்.
காதில் விழவில்லை.
தொலைநோக்கியில் ஐந்து பெசோ போட்டுத்
தன் கடையைத் தேடினாள்.
இன்னும் ஐந்து. பிறகு தன் ஜன்னலை.
பிறகு எதை என்று அவள் சொல்லவில்லை.
எனக்குப் பசி, கால் வலி, ஒன்பதரைக்குப் பேருந்து.
கண்ணை எடுக்காமலே கையை நீட்டினாள்.
பேருந்துக்கென்று முடிந்து வைத்திருந்ததிலிருந்து
இன்னொரு நாணயம் எடுத்து வைத்தேன்.