பாலப்பள்ளம் ஆளிறங்கணும்

சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவன் சில்லறையைக் கொட்டினான்.
மழை விட்ட குளச்சல் ரோடு. பதினொன்றே கால்.
ஐந்து ரூபாய் நாணயங்கள் உருண்டு
என் காலடிவரை வந்தன.
"பெறக்குலே பெர்ஜினே" என்று
கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கே கொண்டு வைக்க
என்று இன்றும் தெரியவில்லை.

வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது,
கொக்கி அறுந்த படுதா மாதிரி.
வலது கை அவனுடையதாக இல்லை.
பின்சீட்டில் இருந்த நர்சிங் பிள்ளைதான் எழுந்து கத்தினாள்:
"அண்ணா, எங்கயும் நிறுத்தாதீங்க, நேரா ஆசாரிப்பள்ளம்.
ஊசி போட நாலரை மணிக்கூர் உண்டும்பாங்க,
அதை நம்பாதீங்க."

திங்கள்சந்தையில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை.
இரணியலில் யாரும் வாய் திறக்கவில்லை.
மீன்காரி கிளாரிசா அவன் தலையை மடியில் வைத்து
ஒழுகிய எச்சிலைத் தன் தோள் துண்டில் வாங்கினாள்.
அவள் கூடை ஐஸ் உருகி
சாளை மணக்கும் தண்ணீர் பஸ் நீளத்துக்கும் ஓடியது.
பரசேரி வளைவில் ஒரு ஆட்டுக்காக பிரேக் மிதித்தேன்.
வேறெங்கும் இல்லை.

படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்றொரு கட்டம்.
டிரைவர் என்று எழுதினேன்.
கவுன்டர் அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்,
அடிக்கவில்லை.

ஆள் பிழைத்தான். சொல் பிழைக்கவில்லை.
டம்ளரைக் காட்டினால் "அது, அது" என்பான்.
பெற்ற அம்மை கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள்;
அம்மா என்று வரவில்லை.

ரெஜிலாவைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும்.
நட்டாலத்து அண்டியாபீஸில் கணக்கு எழுதுகிறவள்.
ஐந்து நாற்பது டிரிப்பில் ஏறுவாள்.
இரண்டு வருடத்தில் இருவரும் பேசியதைக் கூட்டினால்
ஒரு ஸ்டாப் தூரம்கூட வராது.
ஆனாலும் தன் இறக்கத்தை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
பாலப்பள்ளம் வருமுன்னே அவன் விசில் கேட்கும்.
அப்போது அவன் முகத்தை
அவள் பார்த்ததில்லை, பின்னால் நிற்பான்.
நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி எனக்கல்லவா இருந்தது.

ஒன்பதாம் நாள் வந்தாள்,
வீட்டில் ஏதோ பொய் சொல்லி,
ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு.
அவன் பார்த்தான். உதடு கூடியது, பிரிந்தது.
நெற்றியில் நரம்பு எழுந்தது.
அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது.
எடுத்துக் கொடுத்திருக்கலாம்.
கடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே செக்யூரிட்டி யாருடைய பைக்கையோ விரட்ட
இரண்டு விசில் அடித்தான்.

அவ்வளவுதான்.
"மார்த்தாண்டம் விரிகோடு நட்டாலம் கருங்கல்"
அடுத்த கட்டில்காரர் போர்வையை விலக்கிப் பார்க்க,
ஒரு பிசிறில்லாமல், பழைய ராகத்தில்,
படிக்கட்டில் தொங்குகிறவன் குரலில் வந்து
"பாலப்பள்ளம்" என்றான்.
குளச்சல் வரை போகிற வண்டி
அங்கேயே நின்றுவிட்டது.
மறுபடி, கூவாமல், அவளைப் பார்த்து:
"பாலப்பள்ளம்."

அவள் பழத்தைக் கட்டிலில் வைத்தாள்.
முகத்தைத் துடைத்தாளா, வியர்வையா, நான் கவனிக்கவில்லை.
"ஆளிறங்கணும்" என்றாள்.

இதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிடவில்லை.
அவள் அப்பாவுக்கு அவன் வலது கைதான் கண்ணில் நிற்கிறது.
டாக்டர் ஒரு வருடம் என்கிறார், சிலசமயம் இரண்டு.
என் பெயர் ஜஸ்டஸ்; அவனுக்கு நான் "ரைட்".
வண்டியில் புதுப் பையன் ஒருவன் இருக்கிறான்.
நல்லவன். சில்லறை சரியாகக் கொடுக்கிறான்.
ஆக்சிலேட்டருக்கு அடியில் சிக்கிய ஒரு ஐந்து ரூபாய்
கியர் மாற்றும்போதெல்லாம் கிலுங்குகிறது.
எடுக்கச் சொன்னான். பிறகு எடுக்கலாம் என்றேன்.

நேற்று ராத்திரி ரெஜிலா போன் பண்ணினாள்,
மூச்சிரைக்க, லாட்டரி விழுந்தவள் மாதிரி.
ஒரு புதுச் சொல் வந்திருக்கிறதாம்.
கஞ்சியை ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து
"உப்பு" என்றானாம்.