நீர்மட்டக் கோடு

பகலில் பல் செய்கிறேன், சிம்மக்கல்லில்,
மாடிப்படிக்குக் கீழே ஒரு லேபில்.
வெற்றிலை போடும் வாய்க்கு
எந்த வெள்ளை பொருந்தும் என்று பார்த்ததும் சொல்வேன்.
இரவில், செல்லூரில், அதே கையால் தோணி.

ஒன்றுக்கு அறுபத்துநாலு.
தூத்துக்குடியில் உப்பும் ஓடும் ஏற்றிக்கொண்டு
கொழும்புக்குப் போன பாய்த்தோணி.
வரைபடத்தின் நகல் கிடைத்தது,
நாலாவது தாள் இல்லாமல்.
ஏராக்கட்டை ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு.
வங்குக்கால் முப்பத்தொன்பது ஜோடி.
பழங்காநத்தம் மரக்கடையில்
தேக்குத் துண்டு பொறுக்கும்போது
"அடுப்புக்கா?" என்றார்கள்.
ஆமாம் என்றேன்.
விளக்கியிருந்தால் விலை சொல்லியிருப்பார்கள்.

பலகையைக் குக்கர் ஆவியில் வளைத்த அன்றைக்கு
சோற்றில் மர வாடை.
மங்களேஸ்வரி தட்டைத் தள்ளிவைத்தாள்.
"எங்க விடப்போறீக இத? வைகையிலயா?
பாத்து. ஆகாயத்தாமரையில மாட்டிக்கிரும்."

ஆனாலும் பாய்க்குத் துணி கொண்டுவந்தது அவள்தான்,
கணக்கெழுதும் தறிக்கூடத்திலிருந்து,
எண்பதாம் நம்பர், நைஸ் ரகம்.
பெருக்கிப் பார்த்தேன்.
இழை ஒவ்வொன்றும் என் மாலுமிக்குக் கொடிக்கயிறு.
"மாலுமியே இல்லையே" என்றாள்.
இல்லைதான். ஆள் வைத்தால்
கொலு பொம்மை ஆகிவிடும் என்று வைக்கவில்லை.
ஆனால் கணக்கு மட்டும் அவனுக்காகவே ஓடும்:
கரப்பான் எட்டடி,
பருமலில் உட்காரும் கொசு காக்கை,
குழாயில் சொட்டும் ஒரு துளி
பூசணிக்காய்.

எவ்வளவு ஏற்றினால் எவ்வளவு அமிழும்,
எதுவரை சுண்ணாம்பும் எண்ணெயும் பூசுவார்கள்,
எல்லாம் அந்த நாலாவது தாளில்.
பென்சிலால் மூன்று கோடு போட்டேன்.
மூன்றையும் அழித்தேன்.
ஏழு மாதம் பீரோ மேல் கிடந்தது,
வெறும் வயிற்றோடு.

ஐப்பசியில் கண்மாய் தெருவுக்குள் வந்தது.
காலி சிலிண்டர் தானாகக் கிளம்பி
சமையலறையை ஒரு சுற்று சுற்றியது.
முழங்கால் தண்ணீர்.
அறுபத்துநாலால் பெருக்கினால் பதினேழு பாகம்.
நங்கூரம் போட நல்ல ஆழம்.
தலையில் தையல் மிஷினும்
பல்லிடுக்கில் ரேஷன் கார்டு பையுமாக நின்றவள்
பையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"இப்பவாவது இறக்கி விடுங்களேன்."

தண்ணீர் சுருங்காது, என்றேன்,
கப்பலைச் சுருக்கலாம், அலையைச் சுருக்க முடியாது.
ஒரு ஆட்டோ போனால் போதும்,
அவனுக்கு அது திருப்பரங்குன்றம்.

அதெல்லாம் இல்லை.
நான் கலப்பத்துப் பார்க்கவே இல்லை.
பலகைச் சந்துகளில் கறுப்பு நூலை ஒட்டி
பார்த்ததுபோலக் காட்டியிருந்தேன்.

மூன்றாம் நாள் வடிந்தது.
சுவரில் சேற்றுக் கோடு.
எங்கள் கதவு, பக்கத்துக் கதவு, ரேஷன் கடைப் பூட்டு,
தெரு முழுக்க ஒரே உயரத்தில்,
யாரும் மட்டப்பலகை பிடிக்காமல்.

நூலைப் பிய்த்தேன்.
பஞ்சை முறுக்கிச் சந்து சந்தாக அடித்தேன்
பல் குடையும் கம்பியால்.
மேலே மெழுகு,
செட்டுப் பல்லுக்கு வார்க்கிறேனே, அதே ரோஸ் மெழுகு.
சரக்குக்கு
லேபில் மிஞ்சிய வார்ப்புகளை உடைத்தேன்,
வாங்க வராதவர்களின் தாடைகள்.
முன்னூறு கிராம்.
பெருக்கினால் எழுபத்தெட்டு டன் பல்.

துணி துவைக்கும் தொட்டியில் இறக்கினோம்.
அணியம் தூக்கியது, ஆடியது,
அமரம் இறங்கியது.
பிறகு அதுவாகவே ஓர் இடத்தில் நின்றுகொண்டது.
நனைந்த இடத்தில் பென்சிலை வைத்தேன்.

"ஒழுகுதா?"
டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன்.
கொஞ்சம்.
"கொஞ்சம்னா?"

ஒரு பூசணிக்காய்.