நீடாமங்கலம் கேட்

குழு கிளம்புவது புதன் காலை ஆறு மணிக்கு,
தஞ்சாவூர் ஸ்டேஷன் வாசலில்.
மஞ்சள் கொடி பிடித்து ஒருவர் நிற்பாராம்.
அதுவரை இரண்டு நாள் எங்களுடையது.

மாயவரம் லாட்ஜில்
கட்டில் மேல் ரயில் அட்டவணையை விரித்து
பிலோமினா பென்சிலைக் கடித்தாள்.
முப்பத்தோரு வருடம் ஒரே வார்டில்
நைட் டூட்டி பார்த்தவள்.
எந்த வண்டி எப்போது என்பதைவிட
எது லேட்டாகும் என்றுதான் முதலில் கேட்பாள்.

கோயில் இருக்கிற ஊர் வேண்டாம்,
அதெல்லாம் கொடிக்காரர் காட்டுவார் என்றேன்.
இந்தப் பக்கம் கோயில் இல்லாத ஊர் எதுடி?
சிரித்த சிரிப்பில் பென்சில் உருண்டு
கட்டிலுக்கடியில் போனது.

நாகூரில் ஒரு பகல்.
பெயர் பிடித்ததால் பேரளம்:
இறங்கினோம், டீ குடித்தோம்,
அடுத்த வண்டி வரும்வரை
ஒரு மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
திருவாரூரை மூன்று முறை கடந்தோம்,
தேர் பார்க்காமலே.

செவ்வாய் மாலை நீடாமங்கலம்.
மூடிய கேட்டுக்குப் பின்னால்
நெல்மூட்டை டிராக்டர், ஒரு கல்யாண வேன்,
ஹார்னில் கை வைத்த லாரிக்காரர்.
எல்லோரும் எங்கள் ஜன்னலை முறைத்தார்கள்.
பிலோமினா கையசைத்தாள்.
பதிலுக்கு ஒரு விரல்கூட அசையவில்லை.

வியாழன் மதியம்
மன்னார்குடி போகும் குழுப் பேருந்து
அதே கேட்டில்.
மைக்கில் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லி முடித்தவர்
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வண்டி வந்தது.
ஜன்னலோரம் யாரோ ஒருத்தி
டிபன் மூடியைத் திறந்தபடி
எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இவ எங்க இறங்குவா?"

கைப்பையில் துழாவினேன்.
பென்சில் மாயவரத்திலேயே கிடக்கிறது.