வெளிச்சம் கூட்டிய படம்

தியெர்னோவின் படத்தைக்
காரைக்காலுக்கு அனுப்புமுன்
கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன்.
கைப்பேசியில் அதற்கொரு சிறு கோடு உண்டு,
வலப்பக்கம் தள்ளினால் போதும்.

முதலில் சுவர் வெளுத்தது.
பிறகு அவன் சட்டைக் காலர்.
பின்னால் ஜன்னலில் இருந்த சார்செல் வானம்
இல்லாமலே போனது.
முகம் மட்டும் அப்படியே நின்றது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் ஜரினா,
"லாத்தாவுக்குக் கண்ணு கூர்மை."

இந்த லாத்தா வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான்
எனக்குப் பெண் கேட்டார்கள் ஒரு காலம்.
பையன் அட்டைக்கரி என்று
பாயாசத்தோடு திருப்பி அனுப்பினார்கள்.
பாயாசம் நன்றாக இருந்தது,
அதையும் மறக்கவில்லை.

ரயில் நிலையத்தில் நடந்ததை
ஜரினாவிடம் நான் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை
நாற்பது பேர் இறங்கினோம்.
போலீஸ் நிறுத்தியது இரண்டே பேரை:
அவனை, என்னை.
எங்கள் வீட்டுக்குச் சாப்பிடத்தான் வந்துகொண்டிருந்தான்,
பை அவன் கையில்.
உள்ளே நீளமாக ஏதோ இருக்கிறதென்று
ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள்,
முருங்கைக்காய்களை.

என் அத்தா அறுபத்திரண்டிலேயே
பிரான்ஸைத் தேர்ந்துகொண்டவர் என்று ஆரம்பித்தேன்.
யாரும் கேட்கவில்லை.
அப்போதுதான் அதையும் சொன்னேன்:
"நான் இவனோடு வரவில்லை."
முப்பது வருடத்தில் முதல்தடவையாக
ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சு.

கைகளைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதும்
அவன் குனிந்து பொறுக்கினான்.
எண்ணினான்.
"ஏழும் இருக்கு" என்றான்.
மைமூனிடம் இன்றுவரை அவன் வாய் திறக்கவில்லை.
திறந்திருந்தால்
ஒரு கோபமாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

நேற்று ஜும்ஆவில்
என் பக்கத்தில் வந்து நின்றான்,
வேண்டுமென்றா, இடமில்லாமலா, தெரியாது.
தோளைக் கொஞ்சம் ஒடுக்கினேன்.
அந்த இடைவெளியை
அவன் தோள் வந்து நிரப்பியது.
உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதுகையில்
கலிமா விரல்கள் எழுந்தன,
அவனுடையதில் ரொட்டி அடுப்பு சுட்ட தழும்பு,
என்னுடையதில் ஒன்றுமில்லை.
இரண்டும் ஒருவனைத்தான் சொல்லின.

அதே விரலால்தான்
இன்று கோட்டைத் தள்ளினேன்.

வாய்க்கு முத்திரை விழும் நாளில்
கைகள் பேசும் என்று நம்புகிறவன் நான்.
என் விரலுக்குத் தமிழும் தெரியும்,
பிரெஞ்சும் தெரியும்.
ஆதமுக்கு அள்ளிய மண்ணில்
கரிசலைக் கழித்துவிட்டு
மற்றதை மட்டும் எடுத்துவைக்கச் சொல்ல
நான் யார் என்று கேட்டால்
எந்த மொழியில் என்ன சொல்லும்?

லாத்தாவின் பதில் வந்திருக்கிறது:
"மாஷா அல்லாஹ். படம் சரியாத் தெரியல தம்பி,
ஒரே வெள்ளையா இருக்கு.
வேற அனுப்பு."

ஜரினா என்னைப் பார்த்தாள்.
பழைய படத்தைத் திறந்தேன்.
சுவர் சுவராக இருக்கிறது,
வானம் ஜன்னலில் இருக்கிறது,
நெற்றியில் சுஜூதின் தழும்பு இருக்கிறது.
அதில் அவன்
நேராக என்னையே பார்க்கிறான்.

எடுத்தது நான்தானே.