இழப்பீட்டுப் பட்டியல்

உயரழுத்தக் கம்பி போகும் வழியைக்
கொடுமணல் காட்டில் அளந்துகொண்டிருந்தேன்.
தென்னை நான்கு. ஆழ்துளைக் கிணறு ஒன்று.
சோளத்தட்டுப் போர், அது கணக்கில் வராது.
அப்புறம்
மூன்றாள் உயரத்தில் ஒரு கல்.

"உங்க எல்லைக்கல்லுங்களா?"
"அதுக்குத்தானுங்க நாங்க எல்லை" என்றாள்
காட்டுக்காரி நாச்சாத்தாள்,
மடை மாற்றிக்கொண்டே.

அடியில் ஒருவன் இருக்கலாம்.
துருவாகிப்போன வாளும்
சூதுபவள மணி இரண்டும்
கூட இருக்கலாம்.
பெயர் இல்லை.
இதே மணிகளை வாங்கி அணிந்த
கடல்தாண்டிய நகரங்களில்
முறிந்த தூணுக்கும் பெயர் உண்டு,
நுழைவுச்சீட்டும் உண்டு.

இங்கே,
மாட்டுக் கழுத்தின் உயரத்தில் மட்டும்
கல் கண்ணாடியாய் வழுக்குகிறது.
எத்தனை நூறாண்டு அரிப்போ!
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஒரு மயிலைக்காளை வந்து
கழுத்தைச் சாய்த்துத்
தன் பங்கைத் தேய்த்துவிட்டுப் போனது.

மின்கோபுரத்தின் ஆயுள்
முப்பத்தைந்து ஆண்டு என்கிறது படிவம்.
கல்லின் கட்டத்தில்
'தடை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
கம்பியின் பாதையைப்
பதினெட்டு மீட்டர் வடக்கே ஒதுக்கினேன்.

காரணம் கேட்டிருந்தார்கள்.
மாடு சொறிய என்று
எப்படி எழுதுவது?