பொட்டாசியம் 0.0

இரவு இரண்டு பத்துக்கு ஸ்கைத்ரீத்தே கூப்பிட்டாள்.
லியபாயா மருத்துவமனை, மூன்றாம் மாடி.
"உன் திரை சொல்வதைக் கேள்.
பதினாறு பேருக்கும் பொட்டாசியம் 0.0.
அதன்படி என் வார்டில் எல்லாரும் செத்தாயிற்று.
அதில் ஒருவர் இப்போதுதான்
தேநீரில் சர்க்கரை போதவில்லையென்று சண்டை பிடித்தார்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரவு உடைமேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு
மடிக்கணினியைத் திறந்தேன்.
வெளியே பால்டிக் காற்று
கூரைத் தகரத்தைப் பெயர்க்கப் பார்த்தது.

முதலில் வழக்கமான சந்தேகங்கள்.
இணைப்பு உண்டா? உண்டு.
பதில் வந்ததா? வந்தது, குறியீடு இருநூறு,
எல்லாம் நலமென்று கூசாமல் சொல்லும் எண்.
எழுத்துகள் சிதைந்தனவா? இல்லை,
ஒருவர் பெயரில் எழுத்தின் அடியில் தொங்கும் வால்கூட
அறுபடாமல் வந்திருக்கிறது.
பிழைப் பதிவேடு? வெறும் வெள்ளை.
ஒரு முனகல் இல்லை.

கத்திக்கொண்டு விழும் நிரலை எனக்குப் பிடிக்கும்.
இது ஊமைக்கோட்டான்.

கடைசியில் நிரலை நம்புவதை விட்டு
வந்த எக்ஸ்எம்எல்லை அப்படியே கொட்டிக்
கண்ணால் படித்தேன்.
குறிச்சொல் திறந்து, குறிச்சொல் மூடி,
சம்புடத்துக்குள் சம்புடம்.
உள்ளே எண்கள் இருந்தன.
எல்லாருக்கும் இருந்தன.
4.1
3.8
4.4
பதினோராம் படுக்கை, 6.9

எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

"பதினொன்று" என்றேன். "ஆறு புள்ளி ஒன்பது."
அவள் வைக்கவில்லை; மேசையில் போட்டுவிட்டு ஓடினாள்.
அவள் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது.
யாரோ கால்சியம் என்றார்கள். ஒரு கதவு.
பிறகு அந்தப் பக்கம்
கடிகாரம் மட்டும்.

காத்திருக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.
வியாழன் வந்த பதிலையும் இன்று வந்ததையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.
ஒரே ஒரு வித்தியாசம்.
அளவுகளின் பெயர்வெளி முகவரியில்
வாலில் ஒரு சாய்கோடு இருந்தது வியாழன்வரை.
இன்று இல்லை.
ரீகாவில் யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள்.

எங்கள் மொழியில் கஸஸ் என்றால் ஆடுகள்;
முதல் எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டுக்
காஸஸ் என்று இழுத்தால் கல்யாணம்.
கோட்டை மறந்து அழைப்பிதழ் அடித்தவனைப் பார்த்து
ஊரே சிரிக்கும், ஆனாலும் கல்யாணத்துக்குப் போகும்.
என் நிரலுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.
வேறு வீட்டுப் பிள்ளைகளென்று நினைத்து
அத்தனை எண்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

நிறுத்தியதுகூடப் பரவாயில்லை.
காலி நாற்காலிகளில்
சுழியத்தை உட்காரவைத்தது.
சுழியம் என்பது அளந்து பார்த்தவன் சொல்வது.
இது அளந்ததைத் திறந்தே பார்க்காமல் சொன்னது.

அந்த வரி எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியது.
திரையில் காலிக் கட்டம் அசிங்கமாக இருக்கிறதென்று
நிர்வாகி முகம் சுளித்தார்.
மதிப்பு இல்லையெனில் 0 என்று எழுதி
வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போனேன்.

மூன்று ஐந்துக்குத் தொலைபேசியில் மூச்சு கேட்டது.
"இருக்கிறாயா?"
"இருக்கிறேன்."
"அலைகள் இறங்கிவிட்டன. டாக்டர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்."
சற்று இடைவெளி.
"சர்க்கரைக்குச் சண்டை பிடித்தாரே,
அவர்தான் பதினொன்று."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
காற்று தகரத்தில் ஒரு ஆணியை ஜெயித்திருந்தது.

சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்
உள்ளே விடும்படி முதலில் திருத்தினேன்.
ரீகாவுக்கு ஒரு கடிதம் எழுதி,
வசவுகளை அழித்து, இரண்டை மட்டும் விட்டுவைத்தேன்.
அப்புறம் அந்தப் பழைய வரிக்குப் போனேன்.
0 என்பதை அழித்துவிட்டுக்
கொஞ்ச நேரம் கர்சர் துடிப்பதைப் பார்த்திருந்தேன்.

திங்களன்று நிர்வாகி வருவார்.
கட்டங்கள் காலியாக இருந்தால்
அசிங்கமாகவே இருக்கட்டும்.